அறுகம்புல் சூட்டிய கலியாணம்



‘வீட்டைக் கட்டிப் பார், கலியாணத்தைச் செய்து பார்’ என்று நம்மவர்கள் சொல்லுவார்கள். ஒரு மனிதன் தன் வாழ்நாளிலே எதிர்கொள்ளும் பெருஞ்செலவுகள் இரண்டையும் இந்தப் பழமொழி ஒரே தராசில் வைக்கிறது. வீடாவது கட்டி முடிந்த பின்னர் நின்று நிழல் தரும். ஒரு நாளிலே நடந்து முடியும் கலியாணமோ பல குடும்பங்களுக்குக் கடன்பத்திரத்தையும் அடைவுகடைத் துண்டையும் மட்டுமே மிச்சமாக விட்டுச் செல்கிறது. இப்போது அதனோடு இன்னொரு மிச்சமும் சேர்ந்திருக்கிறது. மண்டபத்தின் பின்புறத்திலே மறுநாட் காலையில் குவிந்து கிடக்கும் பொலித்தீனும் பிளாஸ்டிக் கோப்பையும் றெஜிபோம் அலங்காரத் துண்டுகளுந்தாம் அந்த மிச்சம்.

சூழலுக்குத் தீங்கில்லாமலும் கைக்கு அடங்கிய செலவிலும் மணவிழா நடத்த வேண்டும் என்ற பேச்சு அண்மைக் காலத்திலே நம் இளைஞர்கள் சிலரிடம் எழுந்திருக்கிறது. பெரியவர்கள் சிலர் இதனை மேனாட்டு நாகரிகம் என்று ஒதுக்குகிறார்கள். வேறு சிலர் கஞ்சத்தனத்துக்குச் சூட்டிய புதுப்பெயர் என்று நகைக்கிறார்கள். இந்தப் பேச்சு நமக்குப் புதிதுதானா என்ற கேள்வியோடு நம் இலக்கியங்களையும் வரலாற்றையும் சற்றுப் புரட்டிப் பார்ப்பதே இன்றைய எனது நோக்கம்.

தமிழரின் மணவிழாவை நேரிலே கண்டாற்போலக் காட்டும் மிகப் பழைய சித்திரங்கள் இரண்டு அகநானூற்றிலே உள்ளன. ஒன்று நல்லாவூர் கிழார் பாடிய 86ஆம் பாட்டு. மற்றையது விற்றூற்று மூதெயினனார் பாடிய 136ஆம் பாட்டு. இரண்டிலும் பேசுபவன் தலைவன். தன் மணநாளையும் அன்றிரவு மணமகள் நாணி நின்றதையும் அவன் நினைவுகூர்கிறான். புலவர்களின் நோக்கம் சடங்கை விவரிப்பது அன்று, காதலைச் சொல்வதே. அதனாலேதான் அந்த விவரங்களை நாம் நம்பலாம் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. உலகறிந்த ஒன்றைப் போகிற போக்கிலே சொல்லிச் செல்பவன் அதனைப் புனைந்து சொல்லத் தேவையில்லை அல்லவா?

நல்லாவூர் கிழார் காட்டும் வீட்டில் உளுந்து சேர்த்துக் குழைய ஆக்கிய சோறு வந்தவர்களுக்கு ஓயாமற் பரிமாறப்படுகிறது. குளிர்ச்சியான பெரும் பந்தலின் கீழே புதிதாகக் கொண்டுவந்த மணல் பரப்பியிருக்கிறது. விளக்கேற்றி மாலை தொங்கவிட்டிருக்கிறார்கள். இருள் நீங்கும் விடியற்பொழுதிலே, நல்ல நாளிலே, முதிய மங்கல மகளிர் தலையிலே நீர்க்குடமும் கையிலே அகன்ற புதுப் பாத்திரமுமாக வருகிறார்கள். மக்களைப் பெற்ற மகளிர் நால்வர் கூடி, பூவும் நெல்லும் கலந்த நீரால் மணமகளை நீராட்டி, கற்பு வழுவாது கணவன் விரும்பும் துணையாக வாழ்க என வாழ்த்துகிறார்கள். கூந்தலிலே ஒட்டிய பூவிதழும் நெல்மணியுந்தான் அந்தப் பெண்ணின் மண அலங்காரம். உடுத்தது ஒரு கோடிப் புடைவை. இவ்வளவோடு மணவிழா நிறைவுபெறுகிறது.

மூதெயினனார் காட்டும் வீட்டில் விருந்து கொஞ்சம் பெரிது. நெய் கனிந்த வெண்சோற்றோடு இறைச்சியும் உண்டு. முழவு ஒலிக்கிறது, கடவுளை வழிபடுகிறார்கள், மணமகள் நகையும் அணிந்திருக்கிறாள். ஆனால் அந்தச் சடங்கின் நடுவிலே இருப்பது நகையன்று. வாகை மரத்தின் கவர்த்த இலையையும், கன்று மேய்ந்த பள்ளத்திலே அடர்ந்த அறுகையும், முதல் மழைக்கு அரும்பிய குளிர்ந்த முகையையும் வெண்ணூலிலே சேர்த்துச் சூட்டுகிறார்கள். மாடு மேய்ந்து மிச்சம் வைத்த புல்லைக் கொண்டு ஒரு பெண்ணை மணமகளாக்கினார்கள் என்றால், அந்தச் சமுதாயம் எதை மங்கலம் என்று கருதியது என்பதை நாம் எண்ணிப் பார்க்கவேண்டும். மேயப்பட்டாலும் மழை பெய்தால் மறுபடி தழைப்பது அறுகு. ஓரிடத்தில் வேரூன்றினால் கணுவுக்குக் கணு வேர்விட்டுப் படர்வது அறுகு. புதுக் குடும்பம் ஒன்றுக்கு இதைவிடச் சிறந்த வாழ்த்து வேறென்ன?

சங்க காலத்தில் தாலி இருந்ததா, எரிவலம் வருதல் இருந்ததா என்று அறிஞர்கள் நெடுங்காலமாக வாதிட்டு வந்திருக்கிறார்கள். அந்த வாதத்திற்குள் நான் நுழையவில்லை. இந்த இரண்டு பாட்டுகளிலும் இடம்பெறும் பொருள்களை மட்டும் வரிசையாக எழுதிப் பாருங்கள். மணல், நீர், நெல், உளுந்து, பூ, இலை, புல், நூல், விளக்கு, குடம். பெரும்பாலும் ஊரெல்லைக்குள்ளே விளைந்தவை அல்லது வனையப்பட்டவை. விழா முடிந்ததும் மண்ணுக்கோ மாட்டுக்கோ அடுப்புக்கோ திரும்பிப் போகக் கூடியவை. ‘சூழலுக்கு இசைவான திருமணம்’ என்ற தொடரை அவர்கள் அறியார்கள். அப்படியொரு தொடர் அவர்களுக்குத் தேவைப்படவும் இல்லை.

இந்த எளிமை என்றும் அப்படியே நின்றதா என்றால், இல்லை. பொய்யும் வழுவும் தோன்றிய பின்னரே பெரியோர் கரணங்களை வகுத்தனர் என்று தொல்காப்பியத்தின் கற்பியல் கூறுகிறது. சிலப்பதிகாரத்துக்கு வரும்போது நாம் வேறோர் உலகத்தில் நிற்கிறோம். புகார் நகரத்து வணிகச் செல்வர் மாசாத்துவானும் மாநாய்கனும் சம்பந்திகள். மணமகனுக்கு வயது 16, மணமகளுக்கு 12. யானைமீது ஏறிய மகளிர் ஊருக்கு மணச்செய்தி சொல்கிறார்கள். வயிரம் பதித்த தூண்களும் நீலப் பட்டு விதானமும் கொண்ட முத்துப் பந்தர். முதிய பார்ப்பான் வழிகாட்டத் தீவலம். ஒரு வணிக நகரத்தின் செல்வம் முழுவதும் அந்தப் பந்தலின் கீழே வந்து நிற்கிறது.

ஆயினும் அந்த முத்துப் பந்தலின் கீழும் இளங்கோவடிகள் ஒன்றை மறவாது வைக்கிறார். விளக்கும் கலமும் ஏந்திய மகளிரோடு முளைப்பாலிகைக் குடம் ஏந்திய மகளிரும் அங்கே வருகிறார்கள். வயிரத் தூண் நாட்டினாலும், தானியம் முளைத்த மண்பானை இல்லாமல் மங்கலம் நிறைவுறாது என்பதை அந்தச் செல்வர்களும் அறிந்திருந்தார்கள். முத்தும் வயிரமும் என்னவாயின என்பதைக் கதை அறிந்த நேயர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அந்தப் பந்தலின் கீழ் வலம் வந்தவள் மதுரைக்கு நடந்து போன நாளில், விற்பதற்கென்று அவளிடம் எஞ்சியிருந்தவை காற்சிலம்புகளே.

இனி நம் இலங்கைத் தீவுக்கு வருவோம். கண்டி இராச்சியத்திலே ஏறத்தாழ இருபது ஆண்டுகள் சிறைப்பட்டிருந்த றொபேட் நொக்ஸ் என்ற ஆங்கிலேயர் 1681ஆம் ஆண்டு வெளியிட்ட நூலிலே, அக்காலச் சிங்கள மக்களின் திருமணத்தை வருணித்திருக்கிறார். மணமகனும் அவனுடைய நண்பர்களும் மணச்செலவுக்குத் தங்கள் பங்காக உணவுப் பொருள்களையும் இனிப்புகளையும் சுமந்துகொண்டு பெண் வீட்டுக்குப் போவார்களாம். விருந்து இரண்டே வேளை: இரவுணவும் மறுநாட் காலையுணவும். மணமக்கள் இருவரும் ஒரே பாத்திரத்தில் உண்பார்கள். இருவரும் ஒரே தரத்தினர் என்பதற்கு அதுவே அடையாளம் என்கிறார் அவர். நான் இந்தப் பகுதியை வாசிக்கும்போதெல்லாம் என் மனத்தில் நிற்பது ‘செலவுக்குத் தங்கள் பங்கு’ என்ற செய்திதான். விருந்தாளி வெறுங்கையோடு வந்து உண்டு போகிறவர் அல்லர்; விருந்திலே பங்காளி. நம் ஊர்களிலே மணவீட்டுக்கு அயலவர் தேங்காயும் காய்கறியும் வாழைக்குலையும் கொண்டு வந்து இறக்கியதும், மலையகத் தோட்டங்களிலே மொய் எழுதியதும் இதே அறிவிலிருந்து பிறந்தவையே. ஒரு வீட்டாரால் தாங்க முடியாத செலவைப் பல வீட்டார் பகிர்ந்தால் தாங்கலாம் என்பதே அந்த அறிவு.

அப்படியானால் கலியாணம் நம் தோளை முறிக்கும் சுமையானது எப்போது? இங்கே ஒரு வேறுபாட்டை நாம் தெளிவாக உணர்ந்துகொள்ள வேண்டும். விழாச் செலவு ஒன்று, சீதனம் மற்றொன்று. யாழ்ப்பாணத்து வழமைகளை ஒல்லாந்தர் ஆட்சியிலே கிளாஸ் ஐசாக்ஸ் என்ற அதிகாரி தொகுத்து 1707ஆம் ஆண்டு கையளித்தார். தேசவழமை என்று நாம் அறியும் அந்தத் தொகுப்பு, 1806ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரமாணத்தினால் ஆங்கிலேயர் ஆட்சியிலும் சட்ட வலுப்பெற்றது. அதிலே முதுசம், சீதனம், தேடியதேட்டம் என்று சொத்துகள் வகுக்கப்படுகின்றன. சீதனம் என்பது பெண்ணுக்குப் பெற்றோர் கொடுத்த, பெண்ணுடைய சொத்து. அதனைப் பெற்றுக்கொண்ட பெண், பெற்றோரின் ஏனைய சொத்திலே பிறகு பங்கு கேட்பதில்லை. ஆக, அது அவளுடைய வாழ்வுக்கான முதல்.

காலப்போக்கிலே அந்த முதலோடு, மாப்பிள்ளை வீட்டாருக்குக் கைமாறும் ரொக்கம் சேர்ந்தது. ‘இனாம்’ என்றும் ‘டொனேசன்’ என்றும் அதற்குப் பெயர்கள் வைத்தார்கள். முஸ்லிம் மக்களிடையே, மணமகன் மணமகளுக்குக் கொடுக்க வேண்டிய மஹர் ஒருபுறம் இருக்க, பெண் வீட்டார் கொடுக்கும் கைக்கூலியும் புகுந்தது. 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டமே கைக்கூலியைப் பெயர் சொல்லிக் குறிப்பிடும் அளவுக்கு அது பரவியிருந்தது. வாழையிலையில் உண்டாலும் மண்குடத்தில் நீர் வைத்தாலும், இந்த ரொக்கம் கைமாறும் கலியாணத்தை எளிமையான கலியாணம் என்று நான் ஏற்கமாட்டேன். பந்தலிலே பச்சை இருந்து, பெண்ணைப் பெற்றவரின் வயலும் வளவும் ஈட்டுக்குப் போயிருந்தால், அந்தப் பச்சைக்கு என்ன பொருள்?

விழாவின் கதைக்குத் திரும்புவோம். நம் பாட்டன் பாட்டிமாரின் காலத்து யாழ்ப்பாணக் கலியாணத்தைக் கூர்ந்து பார்த்தால், சங்கப் பாட்டின் மணம் அதிலே வீசுவதை உணரலாம். பந்தல், தென்னோலையிலே பின்னிய கிடுகால் வேயப்பட்டது. கலியாணம் முடிந்ததும் அந்தக் கிடுகு வேலியடைப்புக்கோ கொட்டிற் கூரைக்கோ போய்விடும். பந்தலின் கீழே வெண்மணல். வாசலிலே குலையோடு வாழை, குருத்தோலைத் தோரணம், மாவிலை, கமுகம்பாளை. பலகாரச் சூட்டுக்கு அயற்பெண்கள் கூடுவார்கள். பலகாரம் பனையோலைப் பெட்டியிலும் கடகத்திலும் நிறையும். பந்தியிலே வாழையிலை, உண்டபின் அது மாட்டுக்கு. விழா முடிந்தபின் வாழைத்தண்டை வெட்டித் தென்னையின் அடியிலே தாழ்ப்பார்கள். வளவை விட்டு வெளியே எறிவதற்கென்று ஏதேனும் மிஞ்சியிருக்குமா என்பது ஐயமே.

எல்லாவற்றிலும் சிறந்தது கன்னிக்கால். பொன்னுருக்கு நாளிலே வளவின் வடகிழக்கு மூலையில் முள்முருக்கந் தடியொன்றை நாட்டி, நவதானியம் இட்டு, சுமங்கலிப் பெண்கள் நீர் வார்ப்பார்கள். முருக்கு, தடியை வெட்டி ஊன்றினாலே துளிர்க்கும் மரம். அவரைக் குடும்பத்தைச் சேர்ந்ததாகையால், அதன் வேர்முடிச்சுகளிலே வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைதரசனை நிலத்துக்குச் சேர்க்கின்றன. குழையை ஆடு உண்ணும், தோட்டத்துக்கும் பசளையாகும், மரம் வேலிக்கு உயிர்க்கதியாலாக நிற்கும். கலியாணத்துக்கு ஒரு மரக்கன்று நடுங்கள் என்று இன்று சுற்றாடல் அறிஞர்கள் ஆலோசனை கூறுகிறார்கள். நாங்கள் அதனைச் சடங்காகவே வைத்திருக்கிறோம். இடைக்காலத்தில் அதன் பொருளைத்தான் மறந்துவிட்டோம்.

அறுகும் நம்மை விட்டுப் போகவில்லை. மணமக்களை முழுகவார்க்கு முன்னர் பாலிலே தோய்த்த அறுகைத் தலையில் வைக்கும் ‘பாலறுகு’ச் சடங்கும், வாழ்த்தும்போது இடும் அறுகரிசியும் இன்றும் நம்மிடையே உள்ளன. நால்வர் கூடிப் பூவும் நெல்லும் பெய்து நீராட்டிய அந்தப் பழைய காட்சிக்கும், இன்று முற்றத்திலே பலகையில் அமர்த்திப் பாலறுகு வைக்கும் காட்சிக்கும் இடையே எத்தனை நூற்றாண்டுகள்! அந்தப் புல் மட்டும் இடையறாது வந்துகொண்டிருக்கிறது.

நேயர்களே, பழமையைப் புகழ்வது இலேசு. அதனால் இவ்விடத்திலே ஒரு கசப்பையும் சொல்லாமல் விட முடியாது. பழைய கலியாணம் மலிவாக நடந்ததற்கு ஒரு காரணம், அதிலே பலருடைய உழைப்புக்கு உரிய கூலி கொடுக்கப்படவில்லை என்பதாகும். பந்தலுக்கு வெள்ளை கட்டியவர், மாப்பிள்ளைக்கு முகம் வழித்தவர், பறை அறைந்தவர், சமையலுக்கு விறகு கொத்தியவர் என்று குடிமை முறையினாற் கட்டுண்டு நின்றவர்கள் பலர். அவர்களுக்குச் சபையிலே சமமான இருக்கையும் இல்லை; பந்தியிலே சமமான இலையும் இல்லை. அதைவிடக் கொடியது, ஒடுக்கப்பட்ட மக்கள் தங்கள் வீட்டுக் கலியாணத்திலே மேளம் பிடிக்கவும், நகை பூணவும், மேலாடை அணியவும் ஊர்ப் பெரியவர்கள் தடை விதித்திருந்த காலமும் இருந்தது. 1957ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் வந்த பின்னரும் அந்தத் தடைகள் ஒரே நாளில் ஒழிந்துவிடவில்லை.

ஆகவே, மேளமும் நகையும் பட்டும் மறுக்கப்பட்ட ஒரு குடும்பம், தன் பிள்ளையின் கலியாணத்தை ஊரறியச் சிறப்பாக நடத்த விரும்பினால், அதனை ஆடம்பரம் என்று கண்டிக்கும் உரிமை எவருக்குண்டு? அவர்களுக்கு அந்த மேளம் ஓர் உரிமைப் பிரகடனம். எளிமையை உபதேசிப்பவர் முதலில் தன் வீட்டிலே தொடங்க வேண்டும். இருப்பவர் தொடங்க வேண்டும். இல்லாதவரைப் பார்த்து எளிமையாக இரு என்பது அறிவுரையாகாது.

எளிமை மனமுவந்து வருவதற்கும் கட்டாயத்தால் வருவதற்கும் உள்ள வேறுபாட்டை எங்கள் தலைமுறை அனுபவத்தில் அறியும். 1990களின் முற்பகுதியிலே, பொருளாதாரத் தடை நிலவிய யாழ்ப்பாணத்தில் நான் கண்ட கலியாணங்கள் பல. மின்சாரம் இல்லை, பெற்றோல் இல்லை, மண்ணெண்ணெய் துளித்துளியாய்க் கிடைத்தது. ஜாம் போத்தலிலே திரியிட்டு எரித்த விளக்கின் ஒளியிலே பலகாரம் சுட்டார்கள். மாப்பிள்ளை சைக்கிளிலே வந்தார். சைக்கிள் டைனமோவைச் சுழற்றிப் பாட்டுக் கேட்டார்கள். இன்றைய அளவுகோலால் அளந்தால் அவை புகையற்ற, குப்பையற்ற கலியாணங்கள். ஆனால் அவற்றை முன்மாதிரி என்று சொல்ல என் மனம் ஒப்பாது. வானத்திலே விமானச் சத்தம் கேட்டால் பந்தியை விட்டு எழுந்து ஓட வேண்டியிருந்த கலியாணங்கள் அவை. அந்த நாட்கள் திரும்பி வரவே கூடாது. எனினும் அவை ஒன்றை நிரூபித்தன. மண்டபமும் மின்விளக்குத் தோரணமும் வாகன அணிவகுப்பும் இல்லாமலும் கலியாணம் கலியாணமாகவே இருந்தது. அன்று மணமுடித்தவர்களின் இல்லறம் அதனாற் குறைந்துபோகவில்லை.

போர் ஓய்ந்தது, பாதை திறந்தது, பொருள்களும் வந்தன. கிடுகுப் பந்தல் மறைந்து மண்டபம் வந்தது. முற்றத்து மணவறையின் இடத்தில் வாடகைக்கு எடுத்த றெஜிபோம் மணவறையும், வாழையிலையின் மேலேயே பொலித்தீன் தாளும், செம்பு நீருக்குப் பதிலாகப் பிளாஸ்டிக் போத்தலும் வந்தன. பவுண் கணக்கிலே தாலிக்கொடியின் கனத்தைப் பேசும் வழக்கமும் வளர்ந்தது. ஒவ்வொன்றும் வசதிக்காகவோ மதிப்புக்காகவோ வந்ததுதான். எவரும் தீமை நினைத்துச் செய்யவில்லை. ஆனால் முன்னர் கையால் செய்யப்பட்டதும் வளவிலே விளைந்ததுமான ஒவ்வொரு பொருளும் கடையிலே வாங்கும் பொருளாக மாறியபோது, செலவும் குப்பையும் ஒரே வாசலால் உள்ளே நுழைந்தன. இன்று நான் சொல்ல விரும்புவதன் சாரம் இதுதான். செலவைக் குறைக்கும் வழியும் சூழலைக் காக்கும் வழியும் இரண்டல்ல. பெரும்பாலும் அவை ஒரே வழி.

குப்பை எங்கே போகிறது என்று கேட்காதவர்களுக்கு, 2017ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் திகதி, சித்திரைப் புத்தாண்டு நாளன்று, கொழும்புக்கு அண்மையில் மீதொட்டமுல்லவிலே விடை கிடைத்தது. குப்பைமலை சரிந்து வீடுகளை மூடியதிலே முப்பதுக்கும் மேற்பட்ட உயிர்கள் மாண்டன. புத்தாண்டுப் பலகாரம் அடுப்பிலே இருந்த நேரத்திலே, நகரம் எறிந்த குப்பை ஏழைகளின் கூரைமேல் விழுந்தது. அதே ஆண்டு செப்டெம்பரில் பொலித்தீன் உணவுத் தாளுக்கும் றெஜிபோம் உணவுப் பெட்டிக்கும் அரசாங்கம் தடை விதித்தது. விழாக்களிலே பொலித்தீன் அலங்காரம் செய்வதையும் தடுத்தது. 2023 ஒக்டோபர் முதலாந் திகதியிலிருந்து பிளாஸ்டிக் கோப்பை, கரண்டி, உறிஞ்சுகுழல் முதலியவற்றோடு பிளாஸ்டிக் பூமாலையும் இடியப்பத் தட்டும் தடைசெய்யப்பட்டன. மாலையும் இடியப்பத் தட்டும் சட்டத்தாற் தடுக்கப்பட வேண்டிய பொருள்களாகிவிட்டன என்பதை நினைத்தால் எனக்குச் சிரிப்பும் வருகிறது, வெட்கமும் வருகிறது. பூவால் மாலை கட்டவும் ஈர்க்கால் தட்டுப் பின்னவும் நமக்குத் தெரியாதா?

அண்மையிலே என் தங்கையின் மகளுக்குக் கலியாணம் பேசி முற்றாகியது. செலவுக் கணக்கை எழுத என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். பெண் தன் கைப்படப் பட்டியல் ஒன்று எழுதி வைத்திருந்தாள். சீதன ரொக்கம் இல்லை என்பது முதல் வரி. அதை மாப்பிள்ளைப் பிள்ளையே எழுதச் சொன்னாராம். மண்டபம் இல்லை, கோயில் மடத்திலே தாலிகட்டு. எழுத்தும் அன்றே, அங்கேயே. மணவறை வாழையாலும் குருத்தோலையாலும். விருந்து ஒரு வேளை, வாழையிலையில். குடிக்கத் தண்ணீர், குடத்தில் வைத்துச் செம்பில். கூறை அவளுடைய தாயார் உடுத்தது. அழைப்பிதழ் பெரியவர்களுக்கு மட்டும் அச்சில். ஏனையோருக்கு நேரிலும் தொலைபேசியிலும். சமையற்காரருக்கும் மேளகாரருக்கும் பந்தல் கட்டுபவருக்கும் கேட்ட கூலி குறைக்காமல் கொடுப்பது என்றும் ஒரு வரி இருந்தது. அந்த வரியைக் கண்டபோது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி.

தங்கைக்கு மனம் ஆறவில்லை. “அண்ணை, ஒரே பிள்ளை. ஊர்ச் சனம் என்ன கதைக்கும்?” என்றாள்.

நான் வாய் திறக்குமுன் மருமகளே பதில் சொன்னாள். “அம்மா, ஊர் ஒரு கிழமை கதைக்கும். கடன் பத்து வருஷம் கதைக்கும்.”

நான் அந்தப் பட்டியலிலே சேர்த்தது இரண்டே இரண்டு. ஒன்று, கன்னிக்காலைச் சீமெந்து நிரப்பிய தகரத்திலே சும்மா குத்தி வைக்காமல், வளவு மண்ணிலே உண்மையாகவே நாட்ட வேண்டும். மண்டபங்களிலே தகரத்துக்குள் நிற்கும் முருக்கந் தடிகளைக் கண்டு நான் பலமுறை வருந்தியிருக்கிறேன். வேர்விட முடியாத தடியைக் காட்டி, வேரூன்றி வாழுங்கள் என்று எப்படி வாழ்த்துவது? மற்றது, மஞ்சட் கயிறு போதுமா, கொடி வேண்டுமா என்று தீர்மானிக்கும் பொறுப்பு அவர்கள் இருவருடையது மட்டுமே. அதிலே எங்களைப் போன்ற பெரியவர்கள் வாய் திறப்பதில்லை. இந்த இரண்டாவதற்கு வீட்டிலே சிறிது சலசலப்பு உண்டாயிற்று. இறுதியில் ஒரு பவுணிலே தாலி, மஞ்சட் கயிற்றிலே கட்டுவது என்று அவர்களே முடிவு செய்தார்கள்.

சட்டத்தைக் கேட்டால், 1907ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க விவாகப் பதிவுக் கட்டளைச்சட்டம் முத்துப் பந்தலையும் கேட்பதில்லை, மண்டபத்தையும் கேட்பதில்லை. பதிவாளரும் மணமக்களும் இரண்டு சாட்சிகளும் அதற்குப் போதும். இலக்கியத்தைக் கேட்டால், ஒரு பிடி நெல்லும் பூவும் நீரும் அறுகும் போதும் என்கிறது. சமயச் சடங்கைக் கேட்டால், முளைத்த தானியமும் துளிர்த்த தடியும் வேண்டும் என்கிறது. இவற்றுக்கு மேலே நாம் சேர்ப்பவை அனைத்தும் நம்முடைய விருப்பம். விருப்பத்துக்குச் செலவழிப்பது குற்றமன்று. ஆனால் விருப்பத்தைக் கடமை என்று பெயரிட்டு, அதனைப் பெண்ணைப் பெற்றவரின் தலையிலே ஏற்றுவது குற்றம். அதன் குப்பையை மீதொட்டமுல்லவிலே வாழும் இன்னொருவரின் கூரைமேல் ஏற்றுவதும் குற்றம்.

கலியாணம் பேசி வைத்திருக்கும் வீட்டாருக்கு நான் சொல்லக்கூடிய யோசனை சிறியது. செலவுப் பட்டியலை எழுதும்போது ஒவ்வொரு வரிக்கும் பக்கத்திலே, மறுநாள் இது எங்கே இருக்கும் என்று எழுதிப் பாருங்கள். மாட்டின் வயிற்றிலா, தென்னையின் அடியிலா, உழைத்தவரின் கையிலா, அடைவுகடையிலா, குப்பைமேட்டிலா? பட்டியல் தானாகவே சுருங்கும். சுருங்கியபின் எஞ்சுவதைப் பார்த்தீர்களாயின், அகநானூற்றுப் புலவர் இருவரும் அதிலே தங்களுக்குத் தெரிந்த பொருள்கள் பலவற்றை அடையாளம் காண்பார்கள்.